ஐந்து வாசலுக்கு ஒரு குருவமாள்

ஒரே சாவி ஐந்து வீட்டைத் திறக்கிறது என்று வெள்ளூரணிக் குடியிருப்பிலிருந்து புகார் வந்தபோது கோகிலவாணி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்புக்கு நியாயம் இருந்தது. நான்கு வருடத்தில் முப்பத்தெட்டு லட்சம் கையெழுத்துச் சாவிகள் அவள் எழுதிய கணினி நிரலின் வழியாகப் போய் வந்திருந்தன. ஒன்றைப் போல இன்னொன்று பிறந்ததில்லை என்று அவள் கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். அந்தச் சாவிகளை வார்க்கும் கோயம்புத்தூர் ‘திரள்’ நிறுவனத்தில் அவளுக்குக் ‘கோடு கோகிலா’ என்றே பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கவும் செய்தது.

கையெழுத்துச் சாவி வந்த கதை இதுதான். விரல் ரேகையை வைத்தால்தான் ரேஷன், விரல் ரேகையை வைத்தால்தான் பென்ஷன் என்று இருந்த காலத்தில், கல் உடைத்தவர்களுக்கும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர்களுக்கும் விரலில் ரேகையே மிச்சமில்லை. இயந்திரம் அவர்களைப் பார்த்து ‘நீ நீயில்லை’ என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ரேகை தேயும், கையெழுத்துத் தேயாது என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்தார். கண்ணாடிப் பலகையில் கையெழுத்துப் போட்டால் அது வளைகோடாகக் கணினிக்குள் வந்து விழும். அந்தக் கோட்டைச் சுத்தம் செய்து, தடிமன் ஏற்றி, முன்பக்க விளிம்பை மழித்து எடுத்தால் இரண்டு விரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சாவி. வீட்டுக் கதவைத் திறப்பதும் அதுதான், ரேஷன் கடையில் நீட்டுவதும் அதுதான்.

சுத்தம் செய்வது கோகிலவாணியின் பாகம். மனிதர்கள் போடும் கோடு ஒழுங்காகவா வரும்? கை நடுங்கும், ஒரே இடத்தில் இரண்டு தடவை போகும், சேரவேண்டிய முனைகள் சேராமல் நிற்கும். அதை அப்படியே தடிமன் ஏற்றினால் உள்ளே பொக்கையும் வெளியே முள்ளுமாக வரும். விளிம்பை மழிக்கும்போது நடுக்கத்தின் மடிப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, எடுப்பவர் கையைக் கிழிக்கும். அவளுடைய நிரல் நடுக்கத்தை நீவிவிடும், இடைவெளியை மூடும், தனித்தனியாக நிற்கும் எழுத்துகளையும் புள்ளியையும் மெல்லிய நரம்பால் கோத்துவிடும். கைக்கு வரும் சாவி சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று இருக்கும்.

“எதுக்கும் நேரில் போய்ப் பார்த்துட்டு வந்துரும்மா” என்றார் மேலாளர் விக்டர். சாவி வார்க்கும் இயந்திரத்தை வேனில் ஏற்றிக்கொண்டு கோகிலவாணி கிளம்பினாள். சாத்தூர் தாண்டி வெள்ளூரணிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி.

புகார் கொடுத்தவர் பெயர் அய்யலுசாமி. லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பேச்சில் அப்படி ஒரு பதவிசு. வாசலில் நாற்காலி போட்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்ல மேடம்” என்றார். “ஆனா வீடுன்னு இருந்தா அதுக்குக் கதவுன்னு ஒண்ணு இருக்கணும்ல? வெளியூர் போயிட்டு வாறேன், என் சம்சாரம் டீக்கடையில உக்காந்துருக்கா. சாவி என் பையில இருக்கு. அவ எப்படி வந்தான்னு கேட்டா பதில் இல்ல. அப்புறம்தான் கவனிச்சேன். எதுத்த வீட்டு நெட்டச்சி தன் சாவியப் போட்டு எங்க கதவத் தெறக்கா.”

“வீடு உங்க பேர்லங்களா?”

“அவ பேர்ல. தீப்பெட்டி ஆபீசுப் பொம்பளைங்க பேர்லதான குடுத்தாக. சாவி மட்டும் நான் வச்சுக்கிடுவேன், அவளுக்கு மறதி ஜாஸ்தி. நல்ல கதவு மேடம். சாத்திட்டா சாவி இல்லாம உள்ளருந்தும் தெறக்க முடியாது.” கதவைப் பாராட்டித்தான் சொன்னார். கோகிலவாணியும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு குறித்து வைத்தாள்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று அவளே எதிர்வீட்டுக்குப் போய், அவர் சொன்ன நெட்டச்சி, அதாவது நெட்டைக் குருவம்மாளின் சாவியை வாங்கிவந்து அய்யலுசாமியின் கதவில் போட்டுப் பார்த்தாள். பூட்டு ஒருமுறை தடவிப் பார்த்தது, பச்சை விளக்குக் காட்டியது, கதவு திறந்துகொண்டது. கோகிலவாணிக்கு முப்பத்தெட்டு லட்சத்தில் இன்னும் எத்தனை கதவு இப்படித் திறக்கிறதோ என்ற நினைப்புதான் முதலில் வந்தது.

சாவிகளுக்குச் சொந்தக்காரர்கள் ஐந்து பேரும் டீக்கடையில் கூடினார்கள். ஐந்து பேருக்கும் அறுபதை ஒட்டிய வயது. ஐந்து பேரும் குருவம்மாள்.

“எங்க ஊர்ச் சாமி பேரு தாயி” என்றாள் கடைக்காரி. அவளை டீக்கடைக் குருவம்மாள் என்பார்கள். “மூத்தது பொண்ணாப் பொறந்தா அந்தப் பேருதான் வைக்கணும். வைக்காட்டி ஆத்தா கோவிச்சுக்கிடுவா. அதனால நெட்டை, கட்டை, சின்னன்னு நாங்களே அடையாளம் வச்சுக்கிட்டோம். தீப்பெட்டி ஆபீசு பேர்ப்பதிவுல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.”

கோகிலவாணி தன் பலகையில் ஐந்து கையெழுத்தையும் வரவழைத்தாள். வளைகோடாக வந்து விழுந்த அசல்கள், சுத்தம் செய்வதற்கு முந்தியவை. ஐந்திலும் ‘குருவமாள்’ என்று இருந்தது.

“ஒரு ‘ம்’ குறையுதுங்களே. அஞ்சு பேருக்கும் எப்படிங்க ஒரே எழுத்து விட்டுப்போச்சு?”

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நெட்டைக் குருவம்மாள்தான் சொன்னாள். பேருக்கேற்ற உயரம், குரலும் அப்படித்தான். “அறிவொளி வகுப்புக்குக் காலேஜ்ல படிக்கிற பிள்ளை ஒண்ணு வரும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல, ஆபீசு செட்டுலயே. அஞ்சு சிலேட்டுலயும் பேர எழுதிக் குடுத்துச்சு. சிலேட்டு சின்னது, இடம் பத்தல. ஒரு எழுத்து விட்டுட்டேன்க்கா, பரவால்லன்னுச்சு. அது மேலயே நாப்பது நாளு எழுதி எழுதிப் பழகிட்டோம். பெறகு அந்த எழுத்தச் சேக்கக் கை வரல.”

கோகிலவாணி அசல் ஐந்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தாள். எழுத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான், ஆனால் கைகள் ஐந்து. டீக்கடைக் குருவம்மாளின் கோடு அவசரம், முடியுமுன்பே எழுந்து ஓடியிருந்தது. நெட்டைக் குருவம்மாளின் கோடு பலகை உடையும்படி அழுத்தியது, கடைசி ‘ள்’ளில் ஓர் உதை உதைத்துவிட்டு மேலே போனது. சின்னக் குருவம்மாளின் கோடு முழுக்க நடுங்கியது. அப்புறம் அவள் சுத்தம் செய்த கோடுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தாள். ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது.

நடுக்கத்தை அழுக்கென்று நினைத்து நீவியவள் அவள்தான். அழுத்தத்தை, அவசரத்தை, உதையை எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியது அந்தக் காலேஜ் பெண்ணின் கையெழுத்து. இவர்கள் ஐந்து பேரும் அந்தச் சாவியில் இல்லவே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று பிறருக்குச் சொல்ல எளிது. கோகிலவாணிக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கம் காதுவரை ஏறியது.

ஆனாலும் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை அவள். அங்கேயே பெஞ்சில் அமர்ந்து நிரலைத் திறந்தாள். விளிம்பை ஒரு மில்லிமீட்டர் மழிப்பதால்தானே மடிப்புகள் இடிக்கின்றன? கால் மில்லிமீட்டராகக் குறைத்தால் நடுக்கத்தை நீவ வேண்டியதே இல்லை, முள்ளை மட்டும் எடுத்தால் போதும். கூடவே, புதிய சாவி எதுவும் பழைய ஒன்றை ஒத்திருந்தால் எச்சரிக்கும் ஒரு வரியும் சேர்த்தாள். அரைமணி நேர வேலை. விக்டரைக் கூப்பிட்டு, தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லி, இன்றே மாநிலம் முழுக்க அனுப்பச் சொன்னாள்.

“முடிஞ்சதுங்கம்மா” என்றாள். “இன்னொரு தடவை கையெழுத்துப் போடுங்க. இனி உங்க கை எப்படியோ அப்படியே சாவி வரும். ஒருத்தர் சாவி இன்னொருத்தர் வீட்டைத் திறக்காது.”

யாரும் நன்றி சொல்லவில்லை. டீக்கடைக் குருவம்மாள் அடுப்பைச் சிறுசாக வைத்தாள்.

“சரிபண்ணித்தான் ஆகணுமா தாயி?” என்றாள் நெட்டைக் குருவம்மாள்.

“என்னங்கம்மா இப்படிக் கேக்கறீங்க? உங்களுக்கு இது முன்னாலயே தெரியுங்களா?”

“சாவி குடுத்த அன்னைக்கே தெரியும். இந்தக் கடையிலதான் மாறிப்போச்சு. மாறுனாலும் தெறக்குதேன்னு பாத்தோம். வெளிய சொல்லல.”

“அஞ்சு வீட்டுக்கும் ஒரே சாவின்னா அப்புறம் பூட்டு எதுக்குங்க?”

“பூட்டு களவாணிக்கு. நாங்க என்ன களவாணிகளா?” நெட்டைக் குருவம்மாள், அய்யலுசாமியின் சம்சாரமான சின்னக் குருவம்மாளைக் கண்ணால் காட்டி, குரலைத் தணித்துக்கொண்டாள். “போன சித்திரையில இவ வீட்டுக்காரர் ராசபாளையத்துக்குக் கல்யாணத்துக்குப் போனாரு. ரெண்டு நாளு. கதவச் சாத்திச் சாவியப் பையில போட்டுட்டுப் போயிட்டாரு. பைப்புல தண்ணி வரல, இவளுக்கு நல்ல காய்ச்ச. நான் தெறந்து பாக்கையில தரையில கெடந்தா. என் கையில அந்தச் சாவி இல்லாட்டி என்ன ஆயிருக்கும், நீங்களே சொல்லுங்க.”

கோகிலவாணி சின்னக் குருவம்மாளைப் பார்த்தாள். சுவரோரம் உட்கார்ந்து டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளிருந்தும் திறக்காத நல்ல கதவு. காலையில் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்ட தன் கையை வெட்டலாம் போலிருந்தது கோகிலவாணிக்கு.

“போலீஸ்ல சொல்லலாமேங்க.”

“சொன்னோமே. அவரக் கூப்ட்டு விசாரிச்சாக. இனிமே செய்ய மாட்டேன்னு எழுதிக் குடுத்தாரு. அழகாக் கையெழுத்தும் போட்டாரு. நல்ல படிப்பாளில்ல.”

“அம்மா, நீங்க அந்த வீட்ல இருந்து வந்துரலாமில்லீங்களா?”

சின்னக் குருவம்மாள் முதல்முறையாக நிமிர்ந்தாள். “அது என் வீடு தாயி” என்றாள். “முப்பது வருசம் தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்குனதுக்கு எனக்குன்னு வந்த வீடு. நான் எறங்கிட்டா அவரு வீடாயிரும். என் சாவி எப்படியும் அவரு பையிலதான் இருக்கும். அது போகட்டும். இவளுக கையில இருக்குற நாலு சாவி போதும் எனக்கு. அத மட்டும் எடுத்துராதீக.”

கோகிலவாணியால் நிரலைத் திருத்தாமல் விடமுடியாது. இங்கே துணையாக இருக்கிற தப்பு, இன்னோர் ஊரில் எவனோ ஒரு பங்காளியை ஒரு கைம்பெண்ணின் வீட்டுக்குள் விட்டுக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் அவளால் சோறு தின்ன முடியாது. திருத்தினால் இந்த நான்கு சாவியும் இன்றோடு செத்தது. இரண்டும் உண்மை, இரண்டுக்கும் அவள்தான் பொறுப்பு.

“நான் திருத்தித்தான் ஆகணுங்கம்மா” என்றாள். “வேற வழி இல்லைங்க. உங்க அஞ்சு கையும் வேற வேற. அதை இனிமே நான் அழிக்க முடியாது.”

நெட்டைக் குருவம்மாள் மற்ற நால்வரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “சரி தாயி” என்றாள். “உங்க வேலைய நீங்க பாருங்க. எங்க வேலைய நாங்க பாக்கோம். அந்தப் பலகையக் குடுங்க. இங்க வெயிலு கண்ணக் கூசுது, உள்ள வச்சுப் போட்டுட்டு வாறோம்.”

கையெழுத்து அலுவலரின் கண்முன்னால் போடப்படவேண்டும் என்பது விதி. ஆனால் அதே சமயம் அய்யலுசாமி இளநீரோடு வந்து நின்று, வேலை எவ்வளவில் இருக்கிறது என்று பதவிசாக விசாரிக்க ஆரம்பித்தார். கோகிலவாணி பலகையைக் கொடுத்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து பேரும் கடைக்குள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினார்கள்.

பலகையை வேனுக்குள் எடுத்துப்போய்ப் பார்த்தாள். ஐந்து கையெழுத்து, ஐந்தும் ‘குருவமாள்’. ஐந்தும் பலகை உடையும்படி அழுத்திப் போடப்பட்டிருந்தன. ஐந்திலும் கடைசி ‘ள்’ ஒரே மாதிரி உதைத்துக்கொண்டு மேலே போனது. கோடுகளுக்குள் இருந்த சில்லறை வித்தியாசங்கள், ஒருத்தி ஐந்து முறை எழுதினால் வருகிற வித்தியாசங்கள். அவற்றைப் பூட்டு பொருட்படுத்தாது. அவள் சற்றுமுன் சேர்த்த புதுவரி, தன் முதல் எச்சரிக்கையை அவளுக்கே காட்டியது: ஐந்தும் ஒரே கை. பொறுப்பாளர் ஏற்கிறாரா?

ஏற்றால் அவள் பெயர் பதிவில் ஏறும். என்றைக்காவது யாராவது தோண்டினால் வேலை போகும், கோடு கோகிலா என்ற பெயர் வேறு விதமாக ஊரெல்லாம் பரவும். இதெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நிரல் சரியாக இருக்கிறது, போட்ட கையை அப்படியே பிடித்திருக்கிறது என்பதும் தெரிந்தது. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட வந்தது. ஏற்கிறேன் என்று அழுத்தினாள்.

இயந்திரம் ஐந்து கோட்டுக்கும் தடிமன் ஏற்றி, முன்பக்க விளிம்பைக் கால் மில்லிமீட்டர் மழித்து, ஐந்து சாவியைத் தட்டில் வைத்தது. பூட்டுகளுக்குப் புது வடிவம் போய்ச் சேர்ந்தது. சாவிகளைக் கொடுத்து முடித்ததும் அய்யலுசாமி தொண்டையைச் செருமினார்.

“தப்பா எடுத்துக்காதீக மேடம். நெட்டச்சி சாவிய எங்க கதவுல ஒருதடவ போட்டுக் காட்டிட்டீகன்னா எனக்கும் திருப்தி.”

நெட்டைக் குருவம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. கோகிலவாணி அவள் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு நடந்தாள். அய்யலுசாமி ஓரடி பின்னால் வந்தார், மற்றவர்கள் தெருவில் நின்றார்கள். உள்ளங்கைக்குள்ளேயே கட்டைவிரலால் சாவியைத் தடவினாள். ஒரு பக்கம் மழித்த விளிம்பு வழுக்கியது, மறுபக்கம் வெட்டுவிளிம்பு உறுத்தியது. எந்த வடிவத்தையும் முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் அது கண்ணாடிக்குள் தெரிகிற எழுத்து. பூட்டுக்கு அந்த எழுத்துத் தெரியாது.

உறுத்துகிற பக்கம் மேலே வரும்படி சாவியைப் புரட்டிச் சொருகினாள். பூட்டு தடவிப் பார்த்துச் சிவப்புக் காட்டியது. எடுத்து, மறுபடி அதே பக்கமாகச் சொருகினாள். மறுபடியும் சிவப்பு.

“நானே ஒருதடவ போட்டுப் பாக்கவா?” அய்யலுசாமி கையை நீட்டினார்.

“தாராளமாப் போடுங்க” என்று கோகிலவாணி சாவியை அவர் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். குரலில் பிசிறே இல்லை. “ஆனா மூணாவது தடவையும் தப்பாயிட்டா பூட்டு நாளைக்குக் காலைல வரைக்கும் யாருக்கும் திறக்காதுங்க. உங்களுக்கும்தான். விதி அப்படி. மத்தியானச் சாப்பாடு வெளியில பார்த்துக்கறதா இருந்தா, போடுங்க.”

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். “அய்யய்யோ, வேணாம் மேடம். கண்ணால பாத்தாச்சு, அது போதும்” என்றார். புகார் தீர்ந்தது என்ற படிவத்தில் அழகான கையெழுத்தொன்று போட்டுக்கொடுத்தார்.

பிறகு வழக்கம்போலச் சின்னக் குருவம்மாள் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறக்குமுன்பே, கேட்காமலே, அவள் தன் புதுச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். “பத்திரமா வச்சுக்கிடுங்க” என்றாள். அய்யலுசாமிக்குப் பரம சந்தோஷம். சட்டைப் பையில் போட்டு, பையை இரண்டுமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

கோகிலவாணி தெருவைக் கடந்து வந்து நெட்டைக் குருவம்மாளிடம் அவள் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் அதை வாங்கி, விரலால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, வழுக்குகிற பக்கம் மேலே வரும்படி முந்தானையில் முடிந்துகொண்டாள்.